மோசேயும் இல்லை, தக்காளியும் இல்லை

நீவெஸ் பார்த்த வேலை முழுக்க முதுகுப்பக்கத்து வேலை. ரவென்னா நகரத்துப் பழைய கிறிஸ்தவக் கோயில் சுவர்களில் ஈரமும் உப்பும் ஏறி, மொசைக் படங்களில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் பொலபொலவென்று உதிரத் தொடங்கும். அப்போது படத்தின் முகப்பில் துணியைப் பசை போட்டு ஒட்டி, பாளம் பாளமாகச் சுவரிலிருந்து அறுத்தெடுத்துப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே மேசைமேல் குப்புறப் போடுவார்கள். பின்பக்கத்தில் இறுகிக் கிடக்கும் பழைய சுண்ணாம்புக் காரையைச் சின்ன உளியாலும், பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரியான கொக்கியாலும் சுரண்டி எடுப்பதுதான் அவள் வேலை. பதினோரு வருஷம் அதைத்தான் செய்தாள். இன்றைக்கு யார் முதுகைச் சொறிந்தாய் என்று புருஷன் ஓரியானோ கேட்டால் அவளுக்குத் தெரியாது. புனிதர் ஒருவரின் காதாக இருக்கலாம், மயிலின் காலாக இருக்கலாம். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சாம்பல் நிறம்தான்.

அவளுடைய அப்பா ஸ்பார்த்தகோ கூட்டுறவுப் பண்ணையில் தக்காளி போடுகிறவர். கோயில் வாசற்படி மிதிக்காத செங்கொடிக்காரர். பனி கொட்டிய நாளில் பிறந்த மகளுக்குப் பனி என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்தார். அது மாதாவின் பெயர்களில் ஒன்று என்பது அவருக்கு இருபத்து நாலு வருஷம் தெரியாது. கல்யாணத்தன்று சம்பந்தியம்மாள் ஆர்ஜியா அதை எடுத்துச் சொன்னபோது, குடித்துக்கொண்டிருந்த ஒயின் அவருக்குப் புரையேறியது.

ஓரியானோ சர்க்கரை ஆலைக்கு பீட்ரூட் ஏற்றும் லாரி ஓட்டினான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, எழுபத்தெட்டாம் வருஷம், ஒரு பெண் குழந்தை பிறந்தது. லுவானா என்று பெயர் வைத்தார்கள். பால் குடிக்கும்போதே களைத்துப்போய்த் தூங்கிவிடும். பத்து மாதமாகியும் உட்காரவில்லை. இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று உள்ளூர் டாக்டர் சொல்லி, ரத்தத்தை எடுத்து போலோஞாவுக்கு அனுப்பினார். ஏழு வாரம் கழித்து அங்கிருந்து வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

போலோஞா ஆஸ்பத்திரியில் அவர்களிடம் பேசியது ஒரு பெண் டாக்டர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"உங்க பொண்ணு மொசைக்."

நீவெஸ் சிரித்துவிட்டாள். "நான் வேலை பாக்குறதே மொசைக்லதான் டாக்டர்."

இவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்ட டாக்டர், காகிதத்தை எடுத்து வட்டம் வட்டமாகப் போட ஆரம்பித்தாள். உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நாற்பத்தாறு இழை இருக்க வேண்டும். டவுன் என்ற பிறவிக் குறையோடு பிறக்கிற குழந்தைகளுக்கு நாற்பத்தேழு. இந்தக் குழந்தைக்கு இரண்டு விதமும் கலந்து இருக்கின்றன.

"ரத்தத்துல நூறு செல்லப் பாத்தோம். முப்பதுல ஒண்ணு கூடுதலா இருக்கு. எழுபது சரியா இருக்கு."

"எந்த முப்பது?" என்றாள் நீவெஸ்.

"அது சொல்ல முடியாதும்மா. கலந்து கிடக்கு. ரத்தத்துல முப்பது. மூளையில எவ்வளவு, இதயத்துல எவ்வளவு, யாருக்கும் தெரியாது. திறந்து பாத்தா எண்ண முடியும்?"

"இது சரியாயிடுமா?" என்று ஓரியானோ கேட்டான். அவன் தொப்பியைக் கழற்றி முழங்காலின்மேல் வைத்திருந்தான்.

"நோயா இருந்தாத்தானே சரியாக. அவ அப்படித்தான். ஆனா இதயத்துல ஓட்டை இருக்கு. அத அறுவை பண்ணித் தைக்கணும், நாலு வயசுக்குள்ள."

ரயிலில் திரும்பினார்கள். வெளியே பீச் பழ மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. குழந்தை அவள் மடியில் தூங்கியது. தான் அழவேண்டும் என்று நீவெஸுக்குத் தோன்றியது. எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்த அம்மாளும் அதை எதிர்பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. குளிரில் மரத்துப்போன விரலை மற்றொரு கையால் தொடும்போது அது வேறொருவருடைய விரல் மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது அவளுக்கு, உள்ளே. மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். மத்தியானம் உளி வழுக்கி இடது கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி கத்திய பிறகுதான் காரையெல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பாடு. அப்பாவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆர்ஜியா காலையிலிருந்தே மாவைத் திரட்டிச் சீஸ் வைத்து மடித்து, கோழிச் சாற்றில் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் ஒரு கரண்டி பரிமாறிய பிறகு ஓரியானோதான் பேச்சை ஆரம்பித்தான். டாக்டர் சொன்னது இதுதான், பாப்பா மொசைக்காம், என்றான். வேறு எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆர்ஜியா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள்.

"மோசேயோடதா? பங்குச்சாமி பிரசங்கத்துல சொல்வாரே, மொசைக் சட்டம்னு, அதுவா?"

"அது இல்லம்மா," என்றான் ஓரியானோ.

"பின்ன என்ன? மோசே கடவுள்கிட்ட வாங்கிட்டு வந்த கல்லுல எழுதியிருக்கு, அப்பன் பண்ண பாவத்த மூணாந் தலைமுறை வரைக்கும் விசாரிப்பேன்னு. நான் இட்டுக்கட்டிச் சொல்லல." அவள் யாரையும் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் பார்க்காமல் விட்ட திசையில் ஸ்பார்த்தகோ உட்கார்ந்திருந்தார்.

"மூணாந் தலைமுறைன்னா கணக்கு என்கிட்ட வருது," என்றார் அவர். "சம்பந்தியம்மா நேராவே சொல்லலாம்."

"நான் யாரையும் சொல்லல. கோயில் பக்கம் தலைவச்சுப் படுக்காதவங்களுக்கு உறுத்துனா நான் என்ன பண்றது?"

"உங்க மோசே செத்து எத்தனையோ ஆயிரம் வருஷமாச்சு. மொசைக்னா என்னன்னு எனக்குத் தெரியும்." ஸ்பார்த்தகோ ரொட்டியைப் பிய்த்துச் சாற்றில் தோய்த்தார். "தக்காளில வரும். இலை கொஞ்சம் பச்சை, கொஞ்சம் வெளுப்புன்னு திட்டுத் திட்டா ஆயிடும். அப்புறம் சுருண்டுக்கும். காய் பிடிக்காது. சுருட்டுப் பிடிச்ச கையோட தொட்டாக்கூட ஒரு செடியிலேர்ந்து அடுத்த செடிக்குத் தாவிடும். அதான் நான் வயல்ல சுருட்டே பத்தவைக்க விடுறதில்ல."

"அதுக்கு மருந்து என்ன?" என்றான் ஓரியானோ. குரலில் ஆசை இருந்தது.

"மருந்து இல்ல. செடியப் பிடுங்கி எரிச்சிட..."

அந்த வார்த்தை வாயிலிருந்து போன பிறகுதான் கிழவருக்குத் தான் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. ரொட்டி சாற்றுக்குள்ளேயே கரைந்தது. ஓரியானோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து முற்றத்துக்குப் போய் லாரியின் சக்கரத்தை உதைத்துக்கொண்டிருந்தான். ஆர்ஜியா சிலுவை போட்டாள். நீவெஸ் எழுந்து, மாமியார் கைவிட்ட கரண்டியை எடுத்து, எல்லாருடைய தட்டிலும் இரண்டாவது தரம் பரிமாறினாள். யாரும் கேட்கவில்லை. வெளியே போனவனுடைய தட்டிலும் ஊற்றினாள்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியான இடைவேளையில், வேலை உடுப்போடேயே, ஊரின் பழைய நூலகத்துக்குப் போனாள். அதற்கு முன் ஒருதரம்கூட அந்தப் படிகளை ஏறியதில்லை. அகராதிப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஃபுஸ்கோனி என்பவர். கழுத்துப்பட்டையில் காப்பிக் கறை இருந்தது.

"மொசைக்ங்கற வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு பாக்கணும்," என்றாள்.

அவர் அவளுடைய சுண்ணாம்பு படிந்த உடுப்பைப் பார்த்தார். "அத நாங்க இல்ல உங்ககிட்ட கேட்கணும்?"

"எனக்குப் பின்பக்கம்தான் தெரியும்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று புரிந்ததும் அவர் மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்து விரித்தார். விரலை வைத்துக்கொண்டு, சாவகாசமாக, சொந்த ஊர்க்கதை சொல்வதுபோல் சொன்னார்.

"பாருங்கம்மா, இது ஒரு வார்த்தையே இல்ல. ரெண்டு. எழுத்து ஒண்ணு, பிறப்பு வேற. ஒண்ணு மோசேகிட்டேர்ந்து வந்தது. மோசே சட்டம், அவ்வளவுதான் அதுக்கு வேலை. உங்க பட்டறை வார்த்தை வேற. அது மூசேகிட்டேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க. பாட்டுக்கும் கூத்துக்கும் இருந்த ஒன்பது தேவிகள், அவங்கதான் மூசே. அந்தக் காலத்துல தண்ணி சுரக்குற குகைய அவங்களுக்குன்னு விட்டு, சுவர்ல சிப்பியும் கூழாங்கல்லும் பதிச்சு வைப்பாங்களாம். அந்த வேலைக்கு மூசேயோட வேலைன்னு பேர் ஆச்சு. அந்தப் பேர் கல்லுலேர்ந்து கண்ணாடிக்கு வந்துடுச்சு."

"இது நிச்சயமா?"

"நிச்சயம்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. பெரும்பாலானவங்க அப்படிச் சொல்றாங்க. அரபு மொழிலேர்ந்து வந்ததுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார், அத யாரும் ஏத்துக்கல. எப்பிடி இந்தப் பேர் வந்துச்சுன்னு சொல்ல ஆளு இல்லாமலே ஆயிரம் வருஷம் ஓடிடுச்சு."

"தக்காளிச் செடிக்கு வருதே?"

"அது நேத்து வந்த அர்த்தம். இலை திட்டுத் திட்டா இருக்கறதப் பாத்துட்டு, உங்க கோயில் சுவர் மாதிரி இருக்குன்னு வச்சிட்டாங்க. டாக்டருங்களும் அப்படித்தான், கலந்து கிடந்தா மொசைக்னுடுவாங்க. எல்லாரும் உங்ககிட்ட கடன் வாங்குனதுதான்." அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எதுக்குக் கேக்குறீங்க?"

"என் பொண்ணுக்கு அது இருக்கு."

ஃபுஸ்கோனி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு சீட்டை எடுத்து, தான் சொன்னதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி, மை காயும்வரை ஊதி, அவளிடம் கொடுத்தார்.

படியிறங்கும்போது நீவெஸ் தன்னையே கவனித்துப் பார்த்தாள். ஏதோ ஒரு பிழை அகப்படும் என்ற நினைப்பில்தான் இங்கே வந்திருக்கிறாள். டாக்டர் தப்பான வார்த்தையைச் சொல்லிவிட்டாள், அகராதியில் அது வேறாக இருக்கும், அதைக் காட்டினால் எல்லாம் மாறிவிடும் என்று. வார்த்தை சரியாகத்தான் இருந்தது. துக்கமாக இருக்கிறதா என்று தேடினாள். கால் வலிதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு மேசையில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டாள். "மோசேயும் இல்ல, தக்காளியும் இல்ல," என்று ஆரம்பித்து, நூலகத்தில் கேட்டதை வரிசையாகப் படித்தாள். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பது பேரா?" என்றாள் ஆர்ஜியா. "துணியே இல்லாம தோட்டத்துல நிக்க வைப்பாங்களே, அந்தப் பொம்பளைங்களா?"

"துணி உடுத்துன மூசேயும் இருப்பாங்க அத்தை."

"என்னவோ. மோசே இல்லன்னா சரி." மாமியார் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சாற்றில் நனைத்த மாவுத்துண்டு ஒன்றை ஊதி ஊதி ஊட்டினாள். "முப்பது செல்லுக்கும் சேத்துச் சாப்பிடு. எலும்பு எலும்பா இருக்க."

ஸ்பார்த்தகோ தான் சொன்ன வார்த்தைக்கு ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் குழந்தை நிமிர்ந்து உட்காரப் பழகியதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினான்கு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்து, குழந்தையை முன்கம்பியில் கட்டிய சின்ன இருக்கையில் உட்காரவைத்து, பண்ணைக் கூடத்துக்குத் தூக்கிப்போய்விடுவார். அங்கே கிழவர்கள் சீட்டாடுவார்கள். லுவானா முதலில் பேசியது அம்மா என்றல்ல. "துருப்பு" என்றது.

இதய அறுவை எண்பத்திரண்டில், பிப்ரவரி மாதத்தில் நடந்தது. காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்று ஆயிற்று, ஒன்று ஆயிற்று. ஓரியானோ ஆஸ்பத்திரி நடைவழியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். போகிற வருகிற செவிலிகள் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீவெஸ் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு ஒன்றை உரித்தாள். தோலை அறாமல் ஒரே சுருளாக எடுத்தாள். சுளைகளில் ஒட்டிய வெள்ளை நாரை ஒவ்வொன்றாக நகத்தால் பிய்த்தாள். ஒரு சுளையைப் புருஷனிடம் நீட்டினாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வாங்கவில்லை. முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

இரண்டரை மணிக்குக் கதவு திறந்தது. பிள்ளை பிழைத்துவிட்டாள் என்றார்கள். ஓரியானோ வெளியே வந்த டாக்டரின் கையைப் பிடித்து முத்தமிட்டான். நீவெஸ் "நன்றி" என்று சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும் என்று கேட்டாள்.

அந்த ஆரஞ்சு அவர்கள் நடுவில் வருஷக்கணக்காகக் கிடந்தது. சண்டை வந்தால், எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

"உனக்கு என்னடி, நீ கல்லு. பிள்ளையக் கிழிச்சுப் போட்டிருக்காங்க, நீ ஆரஞ்சு உரிச்ச."

"கைக்கு ஏதாவது வேணுமாயிருந்துச்சு."

"எனக்குக் கை இல்லையா?"

அவன் சொல்வது நியாயம் என்றே அவளும் நினைத்தாள். மற்றத் தாய்மார்கள் பள்ளி வாசலில் கண்ணைத் துடைத்துக்கொள்வதையும், குழந்தையின் பல் விழுந்ததற்கெல்லாம் பூரிப்பதையும் அவள் ஓரமாக நின்று பார்ப்பாள். தனக்கு என்ன கழன்றுபோயிற்று, எந்த நிறுத்தத்தில் கழன்றது என்று யோசிப்பாள். ஆனால் ஒரு நாளும் மருந்து வேளை தவறியதில்லை. நாக்கு திருந்த வேண்டும் என்று தினமும் அரைமணி நேரம் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, ல, ர, ல, ர என்று சொல்லவைப்பாள். அன்பாகச் சொன்னாளா என்று கேட்டால் தெரியாது. ஒன்பது வருஷம் விடாமல் சொன்னாள்.

ஓரியானோ வீட்டைவிட்டுப் போகவில்லை. போகப்போகிறான் என்று பட்டறையில் எல்லோரும் சொன்னார்கள். நீவெஸும் எதிர்பார்த்தாள். ஒரு இலையுதிர் காலத்தில் அவன் துணிமணிகளைப் பையில் போட்டு லாரியில் வைத்ததும் உண்மைதான். லுவானா போய் அந்தப் பையைத் திறந்து, அவன் மறந்துவிட்டான் என்று நினைத்து, அவனுடைய செருப்பையும் சவரக் கத்தியையும் தன் கரடிபொம்மையையும் உள்ளே வைத்து மூடினாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

இருபத்தோரு வயதில் லுவானாவுக்குக் கடற்கரைச் சாலையில், பச்சை வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ரொட்டிக் கடையில் வேலை கிடைத்தது. தட்டையான ரொட்டிக்குள் சீஸும் பன்றித் தொடைக்கறியும் வைத்து மடித்துக் கொடுக்கும் கடை. முதல் மாதம் முடிந்து ஒரு மத்தியானம் நீவெஸ் சொல்லாமல் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் வெளியூர் வாலிபன் ஒருவன் லுவானாவின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பாக்குற?" என்றாள் லுவானா.

"ஒண்ணுமில்ல."

"நான் மொசைக். முப்பது ஒரு மாதிரி, எழுபது உன்ன மாதிரி. இப்ப உனக்கு ரொட்டி சுடுறது அந்த முப்பது. அதுக்குத்தான் கை சுறுசுறுப்பு. எழுபது சோம்பேறி. சீஸ் வேணுமா, வேணாமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாலிபனும் சிரித்து, இரண்டு மடங்கு சீஸ் கேட்டான். நீவெஸுக்குத் தொண்டைக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. பயந்துபோய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு இரண்டு மூன்று தரம் ஒழுங்கில்லாமல் வந்தது. அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. அவள் முறை வந்ததும், "ஒரு ரொட்டி, கீரை வச்சு," என்றாள். மகள் அவளைத் தெரியாதவள்போல நடத்தி, "அடுத்தவங்க வாங்க," என்றாள். வேலை நேரத்தில் உறவு கிடையாதாம்.

வீட்டுக்கு வந்து அதை ஓரியானோவிடம் சொன்னாள். அவன் நான்கு தரம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னான். ஒவ்வொரு தரமும் முதல்தரம் மாதிரியே சிரித்தான். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயும் கொஞ்சம் சிரிச்சியா?" என்று கேட்டான்.

"கம்பியப் பிடிச்சிக்கிட்டேன்," என்றாள்.

அவன் தலையாட்டினான். அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ, அதற்குப் பிறகு அவளைக் கல் என்று சொன்னதில்லை.

ஓரியானோ இரண்டாயிரத்து ஒன்பதில் நுரையீரல் நோயில் இறந்தான். அடக்கத்தில் லுவானா வாய்விட்டு அழுதாள், இரண்டு பேருக்கும் சேர்த்து. நீவெஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அம்மாவும் மகளும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கீழ்த்தள வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். போன வருஷம் உறவுக்காரப் பெண் ஒருத்தி பார்க்க வந்து, "நீங்க ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க பெரியம்மா," என்றாள். நீவெஸ் அவள்முன் காப்பியை வைத்தாள்.

"பட்டிருக்கணும். எனக்குச் சரியாத் தெரியல. நான் வேலையா இருந்தேன்."

லுவானா வரும் பஸ் ஐந்தே முக்காலுக்கு. அவளுக்கு நாற்பத்தைந்து வயதாகிறது, வழி தெரியும், அம்மா வந்து நிற்பது தனக்கு வெட்கமாக இருக்கிறது என்று பலதரம் சொல்லியும் விட்டாள். உறவுக்காரப் பெண் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் நீவெஸ் எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள். வெளியே மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வந்தவளிடம் கதவைச் சாத்திவிட்டு வரச் சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.